குளிர்காலம் முழுக்க ஆர்.வி.யில் தெற்கே: ஓய்வுபெற்ற இருவருக்கான செய்முறை

நவம்பரில் மினசோட்டாவிலோ மிச்சிகனிலோ நியூ ஜெர்சியிலோ வீட்டைப் பூட்டிவிட்டு, ஏப்ரல் வரை ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) தெற்கே தங்கலாம் என்று நினைக்கிற ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு இது. முதலில் முடிவு செய்ய வேண்டியது வறண்ட பக்கமா, ஈரமான பக்கமா என்பது. ஐ-10 நெடுஞ்சாலை ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தொடங்கி கலிபோர்னியாவின் சான்டா மோனிகா வரை போகிறது. அதில் டெக்சாஸ் மட்டுமே சுமார் 880 மைல். சான் அன்டோனியோவைத் தாண்டி மேற்கே போகப் போகக் காற்று காய்ந்துவிடும், கிழக்கே போனால் கசகசப்பு. கழிவு டேங்க், ஃபிரிட்ஜ், மெத்தை, மாத்திரை டப்பா எல்லாமே இந்த இரண்டு பக்கத்திலும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரே சீசனில் இரண்டையும் பார்த்துவிடத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டுநர் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு சீசனுக்கு ஒரு பக்கம் போதும்.

எங்கே, எப்போது

அரிசோனாவின் யூமா, டூசான் பகுதியில் ஜனவரிப் பகல் 65 முதல் 70 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். இரவில் 40-க்கு இறங்கும், சில நாள் உறைநிலையையும் தொடும். பாலைவனம் என்றால் எப்போதும் சூடு என்று நினைத்து மெல்லிய போர்வையோடு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஹீட்டர் வாங்கக் கடைக்கு ஓடுவார்கள். டெக்சாஸின் தென்முனையில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, அதாவது மக்கேலன், மிஷன், ஹார்லிஞ்சன் ஊர்கள், இதமானவை. அங்கே குளிர்காலத்துக்கு வருகிறவர்களை உள்ளூர்க்காரர்கள் ‘வின்டர் டெக்சன்’ என்றே அழைப்பார்கள். ஆனால் வடக்கிலிருந்து ஒரு குளிர்காற்று இறங்கினால் மதியம் 75 இருந்தது மாலைக்குள் 45 ஆகிவிடும். அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸும் வடக்கு ஃபுளோரிடாவும் ஜனவரியில் 60-ஐ ஒட்டித்தான் இருக்கும், கடலில் இறங்கும் ஆசை வேண்டாம். ஜனவரியிலும் நிச்சயமான வெயில் வேண்டுமென்றால் ஃபுளோரிடாவின் தென்பாதிக்குத்தான் போக வேண்டும். புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதனால் கடற்கரைப் பக்கம் டிசம்பரில் போய்ச் சேர்வது நல்லது.

இடம் பிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களில் அந்த மாநிலத்தவர் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், வெளி மாநிலத்தவருக்கு 10 மாதம். 2024 ஜனவரியில் வந்த விதி இது. கடற்கரைப் பூங்காக்களில் நமக்கு மிஞ்சுவது வார நாள் துண்டுகள்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு அதுவே வசதி: ஞாயிறு மதியம் போய் வெள்ளி காலை கிளம்புகிற மாதிரி தேடுங்கள், இடம் கிடைக்கும்.

வறண்ட பக்கத்தில் கூட்டாட்சி நில நிர்வாகத் துறையான பி.எல்.எம். நிலங்களில் பெரும்பாலும் 28 நாளில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். அதற்கு மேல் ஒரே இடத்தில் இருக்க நினைத்தால் அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே லா போசா போன்ற நீண்டகாலத் தங்குமிடங்கள் உண்டு. அங்கே சீசன் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, பெர்மிட் வாங்க வேண்டும், கட்டணத்தை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அங்கே பெரிய ஆர்.வி. கண்காட்சி நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த மாதம் ஆஹோ, ஆர்கன் பைப் கள்ளிப் பூங்கா என்று தெற்கே ஒதுங்கிவிடலாம்.

62 வயது ஆனவுடன் வாங்க வேண்டிய முதல் பொருள் தேசியப் பூங்கா சீனியர் பாஸ். வாழ்நாள் முழுமைக்கும் 80 டாலர், ஓர் ஆண்டுக்கு என்றால் 20 டாலர். குடியுரிமைதான் வேண்டுமென்பதில்லை, கிரீன் கார்டு போதும். நுழைவுக் கட்டணம் போவதோடு, பல கூட்டாட்சி கேம்ப்கிரவுண்டுகளில் தங்கும் கட்டணமும் பாதியாகும்.

தனியார் ஆர்.வி. பார்க்கில் மாத வாடகைக்கு எடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். மின்சாரம் வாடகையில் அடக்கமா, மீட்டர்படி தனியா? பெரும்பாலும் தனிதான். வண்டி 10 ஆண்டுக்கு மேல் பழையதென்றால் சேர்ப்பார்களா? 55 வயதுக்கு மேற்பட்டோர் பார்க் என்றால் பேரக்குழந்தைகள் வந்து எத்தனை நாள் தங்கலாம்? பாதியில் கிளம்பினால் பணம் திரும்புமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் டிக்கெட் போட்ட பிறகு விழிப்பவர்கள் நிறைய.

வண்டி: நீளத்தைவிடக் கட்டில் முக்கியம்

இருவருக்கு 24 முதல் 27 அடி கிளாஸ் சி (ஓட்டும் பகுதியும் வீடும் ஒரே வண்டியாக உள்ள வகை), அல்லது இழுத்துச் செல்லும் அதே அளவு டிரெய்லர், தாராளம். சாலை வசதியும் நீளத்தைப் பொறுத்தது. டெக்சாஸின் பிக் பெண்ட் பூங்காவில் சிசோஸ் பேசின் மலைப்பாதைக்கு 24 அடிக்கு மேற்பட்ட ஆர்.வி.யையும் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரையும் கொண்டுபோக வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது, கொண்டை ஊசி வளைவுகள் அப்படி.

வாங்குமுன் கட்டிலைச் சுற்றி நடந்து பாருங்கள். மூன்று பக்கம் சுவர் ஒட்டிய மூலைக் கட்டில் என்றால், இரவில் பாத்ரூம் போக ஒருவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு அது சரிப்படாது. இரண்டு பக்கமும் இறங்கும் வழி இருக்க வேண்டும். கூடவே ஷவரில் நின்று, குனிந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்து எடை. கதவோரம் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் டேங்க் நிரம்பினாலே 330 பவுண்டு போய்விட்டது. பத்து கிலோ அரிசிப் பை, கிரைண்டர், மடக்கு நாற்காலி என்று ஏற்றிய பிறகு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியே எடுங்கள். அந்த எடைக்குத்தான் டயர் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி காற்று.

ஆர்.வி. டயர் தேய்ந்து சாவது அபூர்வம், வயதாகித்தான் சாகும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். ஆறேழு ஆண்டு ஆனால் பூப்போட்ட தடம் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்கான எஸ்.டி. வகை டயர்களில் பலவற்றுக்கு உச்ச வேகம் 65 மைல்தான். டெக்சாஸில் பலகை 80 என்று சொன்னாலும் அது உங்களுக்கு இல்லை. காற்று அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் கூடும். மதியச் சூட்டில் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், குளிர்ந்ததும் குறைவான காற்றோடு ஓட்டுகிறீர்கள். வெடிப்பது அப்போதுதான்.

கீழே இறங்கும் வழி

பனிக்காலத்துக்காகக் குழாய்களில் ஆன்டிஃபிரீஸ் என்கிற இளஞ்சிவப்பு உறையாத் திரவத்தை ஏற்றியிருந்தால், இரவு வெப்பநிலை 32-க்கு மேல் நிற்கிற ஊர் வரும் வரை அதை வெளியேற்றாதீர்கள். அதுவரை குடிக்கக் கேன் தண்ணீர், டாய்லெட்டுக்கு ஒரு குடுவை ஆன்டிஃபிரீஸ். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை மூன்று மணிக்குள் நிறுத்திவிடுங்கள். வெளிச்சத்தில் இடம் பார்த்து நிறுத்துவதற்கும் இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதற்கும் நிறைய வித்தியாசம்.

கிழக்குக் கரையிலிருந்து ஐ-95-இல் வருகிறவர்கள் பால்டிமோரில் கவனம். புரொப்பேன் சிலிண்டரோடு அங்குள்ள சுரங்கச் சாலைகளில் போக முடியாது, 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டருக்கு அனுமதியில்லை. முன்பெல்லாம் ஐ-695-இல் கீ பாலம் வழியாகச் சுற்றுவார்கள். அந்தப் பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. பழைய குறிப்புகளை நம்பாமல் ஐ-695-இன் மேற்கு வளைவைப் பிடியுங்கள். வண்டியின் உயரத்தை, மேலே ஏசி மூடியையும் சேர்த்து அளந்து, ஸ்டீயரிங் அருகே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நியூ மெக்சிகோவில் ஐ-10-இல் லார்ட்ஸ்பர்க் அருகே வறண்ட ஏரிப் படுகை ஒன்று உண்டு. காற்றடித்தால் புழுதியில் எதிரே எதுவும் தெரியாது, சாலையையே மூடுவார்கள். பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவிலும் அப்படியே. மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுதாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, பார்க்கிங் பிரேக் போடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதுதான் சாலை என்று நினைத்து உங்கள் மேலேயே வந்து மோதுவார்.

உறைபனி எல்லையைத் தாண்டியதும் தண்ணீர் அமைப்பைச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆன்டிஃபிரீஸ் நிறம் போகும் வரை எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள். பிறகு வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்: 15 காலன் டேங்க் கொள்ளளவுக்குக் கால் கப், 45 காலனுக்கு முக்கால் கப். அதை ஒரு காலன் தண்ணீரில் கலந்தபின் டேங்கில் ஊற்றி, டேங்கை நிரப்புங்கள். ஃபில்டர் கார்ட்ரிட்ஜை முன்பே கழற்றிவிட வேண்டும், பிளீச் அதைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு குழாயிலும், சூடு குளிர் இரண்டிலும், பிளீச் வாடை வரும் வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் வாடை போகும் வரை அலசுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆன்டிஃபிரீஸ் ஏற்றும்போது வாட்டர் ஹீட்டரை பைபாஸில் போட்டிருப்பீர்கள். அதைத் திருப்ப மறந்தால் ஹீட்டருக்குள் தண்ணீரே போகாது. தெரியாமல் மின்சார சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் எலிமென்ட் சில நிமிடத்தில் எரிந்துவிடும். வெளியே உள்ள அழுத்த வால்வின் நெம்பை லேசாகத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் பீச்சினால்தான் டேங்க் நிறைந்தது. சுவிட்ச் அதற்குப் பிறகு.

இடத்தில் நிறுத்தும் வரிசை

முதலில் திசை. பெரும்பாலான வண்டிகளில் வாசலும் ஆனிங்கும் (வெளியே விரிக்கும் துணிப் பந்தல்) வலப்பக்கம், ஃபிரிட்ஜ் பல வண்டிகளில் இடப்பக்கம். டிசம்பர், ஜனவரியில் முகம் கிழக்கே பார்க்க நிறுத்தினால் வாசல் தெற்கே வந்து வெயில் காயலாம், ஃபிரிட்ஜ் வடக்கு நிழலில் குளிர்ந்திருக்கும். மார்ச்சுக்குப் பிறகு சூடு ஏறும்போது முகத்தைத் தெற்கே திருப்பினால் ஆனிங் மேற்கு வெயிலைத் தடுக்கும். பார்க்கில் இந்தச் சுதந்திரம் இருக்காது. அதனால் பதிவு செய்யும்போதே வரைபடத்தைப் பார்த்து இட எண் கேட்பது நல்லது.

அடுத்து மின்கம்பம், அதாவது ஒவ்வோர் இடத்திலும் வண்டிக்கு மின்சாரம் தரும் பிளக் கம்பம். பிளக் போடுமுன் பிரேக்கரை அணையுங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கிற வகை சர்ஜ் புரொடெக்டரை முதலில் தனியாகச் செருகி, பிரேக்கரைப் போட்டு, அது சரி என்று காட்டிய பிறகே வண்டி ஒயரை இணையுங்கள். எர்த் அறுந்திருப்பது, லைன் நியூட்ரல் மாறியிருப்பது எல்லாம் பழைய பார்க்குகளில் சகஜம். மாலை நான்கு மணிக்கு எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் 104-க்குக் கீழே போய்விடும். ஏசி கம்ப்ரசர் அப்போது அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகிக் கருகும். சத்தமில்லாமல் நடக்கிற சேதம் இது. 300 டாலர் கருவிக்கு யோசிக்க வேண்டாம்.

பிறகு மட்டம் பார்த்து நிறுத்துவது. அம்மோனியாவில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் இருந்தால் பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல், முன்பின்னாக 6 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. அதற்குள் பம்ப் கிடையாது, திரவம் தானாக இறங்கித்தான் சுற்ற வேண்டும். சாய்ந்தால் தேங்கி, சூட்டில் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்தால் பெரும்பாலும் கூலிங் யூனிட்டையே மாற்ற வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு இந்தக் கவலை இல்லை, அதன் கவலை பேட்டரி.

கடைசியில் தண்ணீர். பார்க் குழாயின் வாயை பிளீச் நனைத்த துணியால் துடையுங்கள், முன்பு இருந்தவர் அதே குழாயில்தான் கழிவு ஹோஸைக் கழுவியிருப்பார். பின் அழுத்தக் கட்டுப்படுத்தி, 45 பி.எஸ்.ஐ.யில். சில பார்க்குகளில் அழுத்தம் 100-ஐத் தாண்டும். வண்டிக்குள் உள்ள பிளாஸ்டிக் மூட்டுகள் அதைத் தாங்காது, நீங்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் விட்டுப்போகும். வெளியே கிளம்பும்போது பார்க் குழாயை மூடிவிட்டுப் போவது அதற்காகவே. அரிசோனா, மேற்கு டெக்சாஸில் தண்ணீர் கடினம், ஷவர் முனை மாதம் ஒருமுறை வினிகரில் ஊற வேண்டும். எஃகு டேங்க் உள்ள ஹீட்டரில் ஆனோடு கம்பியை (டேங்க் அரிக்காமலிருக்கத் தான் கரைவது) ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பாருங்கள், முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கழற்றுமுன் ஹீட்டர் ஆறி, அழுத்தமும் இறங்கியிருக்க வேண்டும். அலுமினிய டேங்க் வகையில் ஆனோடு இருக்காது, தேட வேண்டாம்.

இரவு உறைபனி அறிவிப்பு வந்தால் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, டேங்கில் நிரப்பிய தண்ணீரைப் பம்ப்பில் எடுங்கள்.

முப்பது ஆம்ப் கணக்கு

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். தொடர்ந்து இழுக்கும்போது 24 ஆம்ப்பைத் தாண்டாமல் இருப்பது பிளக்குக்கு நல்லது, இல்லையென்றால் முனை பழுத்து உருகும். ஏசி ஓடினால் 13 ஆம்ப். வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் 12. பேட்டரி சார்ஜரே மூன்று நான்கு எடுக்கும். இதுவே எல்லையைத் தாண்டியாயிற்று, இன்னும் சமையலறைக்குள் போகவே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15, மைக்ரோவேவ் 13, இன்ஸ்டன்ட் பாட் எட்டுக்கு மேல், 110 வோல்ட் மிக்ஸி ஐந்து. எனவே சமைக்கும்போது வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள், குழம்பு வைக்கும்போது ஏசியை நிறுத்துங்கள். 50 ஆம்ப் இடத்தில் இரண்டு லைன் வருவதால் 12,000 வாட். அங்கே இந்தக் கணக்கே தேவையில்லை.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை ஆர்.வி.யில் வைத்து மாரடிக்காதீர்கள்.

மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதற்குப் பதில் கூரை விசிறியை வெளித்தள்ளும் திசையில் போட்டு, அடுப்புக்கு எதிர்ப்பக்க ஜன்னலை ஓர் அங்குலம் திறந்துவிட்டுத் தாளியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும் ஐந்து முதல் ஏழு ஆண்டில் காலாவதி ஆகும், பின்பக்கம் தேதி இருக்கும். 20 பவுண்டு சிலிண்டரைக் கடையில் மாற்றிக்கொள்வதைவிட நிரப்பிக்கொள்வது லாபம், மாற்றிக்கொள்கிற சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும்.

கழிவு டேங்க்: சூட்டில் ஏன் நாறுகிறது

முழு இணைப்பு (மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும்) இருக்கிறதே என்று பிளாக் டேங்க், அதாவது டாய்லெட் கழிவு டேங்க், வால்வைத் திறந்தே வைப்பதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. திரவம் உடனுக்குடன் ஓடிவிடும், திடக்கழிவு டாய்லெட்டுக்கு நேர் கீழே குவிந்து நிற்கும். பாலைவனச் சூட்டில் அது சிமென்ட் மாதிரி இறுகும். வால்வை மூடியே வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்தால்தான் அடித்துக்கொண்டு போகிற வேகம் வரும். கையுறை மாட்டி, ஹோஸை இறுக்கி, முதலில் பிளாக், அது தீர்ந்து மூடியபின் கிரே, அதாவது சிங்க், ஷவர் தண்ணீர் டேங்க். சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். முடிந்ததும் டாய்லெட் வழியாக மூன்று நான்கு காலன் தண்ணீர் உள்ளே விடுங்கள். அடியில் தண்ணீர் நிற்பதுதான் பாதி வைத்தியம், மருந்து மீதிப் பாதி. ஏற்கெனவே குவிந்துவிட்டதென்றால் டேங்கை முக்கால் நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, சிறிது தூரம் ஓட்டி ஆட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பாத்திரம் கழுவும்போது எண்ணெய்ப் பிசுக்கையும் பருப்பு மண்டியையும் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுவது கிரே டேங்கின் ஆயுளைக் கூட்டும்.

கிரே வால்வையும் மூடியே வைக்கச் சொல்வதற்குக் காரணம் சாக்கடை ஈ. சிங்க் அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் வாடைக்கும் ஈக்கும் கதவு. வறண்ட காற்றில் அது நாலைந்து நாளில் காய்ந்துவிடும். வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் போகிறீர்கள் என்றால் எல்லா வடிகாலிலும் ஒரு கப் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள்.

இணைப்பில்லாமல் தங்குவது

இருவருக்கு நாளைக்கு ஆறு முதல் பத்து காலன் தண்ணீர் ஆகும். 40 காலன் டேங்க் ஐந்து நாளைக்கு வரும். ஆனால் தண்ணீர் தீருமுன் பேட்டரி தீரும். இரண்டு 100 ஆம்ப்-மணி லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதியைத்தான் தொடலாம், 100 கையில். ஃபர்னஸ் (வண்டியோடு வரும் கேஸ் ஹீட்டர்) விசிறி ஓடும்போது எட்டு ஆம்ப், 40 டிகிரி இரவில் மொத்தம் நாலு மணி நேரம் ஓடினால் 32 போயிற்று. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவி 20 முதல் 30, அதுவும் ஈரப்பதமூட்டியை அணைத்து 12 வோல்ட் ஒயரில் நேரடியாக ஓட்டினால். இன்வெர்ட்டர் வழியாக, ஈரப்பதமூட்டியோடு என்றால் இரண்டு மடங்குக்கு மேல். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இருந்தால் இன்னொரு 50. விடியுமுன் சிபாப் நின்றுபோய் எழுந்து உட்கார்ந்த பிறகு இந்தக் கணக்கைப் போடுவதைவிட, வாங்கும்போதே லித்தியம் பேட்டரி போடுவது மேல். கூரையில் படுத்த 200 வாட் சோலார் குளிர்கால அரிசோனா வெயிலில் சுமார் 50 ஆம்ப்-மணி கொடுக்கும். ஆக 400 வாட் இல்லாமல் பி.எல்.எம். நிலத்தில் ஒரு மாதம் என்று திட்டமிடாதீர்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு: திறந்த பேனா 86 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன காரில் அது அரை மணி நேரத்தில் தாண்டிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் பின்சுவரில் உள்ள உலோகத் தகடுகளை ஒட்டி வைக்காதீர்கள், ஆர்.வி. ஃபிரிட்ஜ் இரவில் அங்கே உறைநிலைக்கே போகும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. கதவுத் தட்டில், ஒரு சின்னத் தெர்மாமீட்டரோடு வையுங்கள்.

ஈரமும் எறும்பும் எலியும்

வளைகுடாக் கரையில் எதிரி ஈரம். ஒரு காலன் புரொப்பேன் எரிந்தால் முக்கால் காலனுக்கு மேல் தண்ணீர் ஆவியாகிறது. அடுப்பையோ புகைபோக்கியில்லாத கேஸ் ஹீட்டரையோ வைத்து அறையைச் சூடாக்கினால் அது முழுவதும் ஜன்னலிலும் மெத்தை அடியிலும் போய் நிற்கும் (கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி). ஃபர்னஸ் தன் புகையை வெளியே விடுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஈரத்தை உறிஞ்சும் சிறிய டிஹியூமிடிஃபையர் ஒன்று வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள், மெத்தையை வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்துங்கள், அடியில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை தொடங்கியாயிற்று. கடற்கரையில் நிறுத்தினால் படிக்கட்டு, ஜாக், ஜெனரேட்டர் அறை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு அங்கேதான் தின்னும்.

டெக்சாஸிலிருந்து ஃபுளோரிடா வரை நெருப்பெறும்பு உண்டு. நிறுத்துமுன் மின்கம்பத்தின் அடியைப் பாருங்கள், மண் பொலபொலவென்று மேடாக இருந்தால் அதன் மேல் செருப்போடு நிற்காதீர்கள். தரையைத் தொடும் ஒவ்வொன்றும், ஒயர், ஹோஸ், ஜாக், டயர், அவற்றுக்கு ஏணி. எறும்பு மருந்தை இவற்றைச் சுற்றித் தூவி, மழை பெய்தால் மறுபடி தூவுங்கள். அரிசோனாவில் எறும்புக்குப் பதில் பேக்ராட் என்கிற எலி: இஞ்சின் அறைக்குள் கள்ளித் துண்டுகளை அடுக்கிக் கூடு கட்டி, ஒயரைக் கடிக்கும். கூட வரும் காருக்கும் இதே கதிதான். இரவில் பானெட்டைத் திறந்து வைத்து, அடியில் எல்.ஈ.டி. விளக்குச் சரம் போட்டுவிடுவார்கள். இருட்டு இல்லாத இடத்தில் அது கூடு கட்டத் தயங்கும்.

ஆனிங்கை விரித்துவிட்டு வெளியே போகவோ தூங்கவோ வேண்டாம். பாலைவனத்தில் காற்று எச்சரித்துவிட்டு வராது. துணி போனால் பரவாயில்லை, கைகள் மடங்கிப் பக்கச் சுவரையும் கிழித்துவிடும்.

காகிதங்கள்

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அசல் திட்டத்தில் இருப்பவர்கள் அதை ஏற்கும் எந்த மாநில டாக்டரிடமும் போகலாம். தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் திட்டம், அதிலும் குறிப்பிட்ட டாக்டர்களிடம் மட்டும் போகும் எச்.எம்.ஓ. வகை என்றால், அவசரச் சிகிச்சைக்கு எங்கும் செல்லும், வழக்கமான பரிசோதனைக்குச் செல்லாது. திட்டத்தின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் நீக்கிவிடவும் செய்யலாம். கிளம்புமுன் அவர்களுக்குப் போன் செய்து கேட்டு, பேசிய தேதியைக் குறித்து வையுங்கள். மருந்துச் சீட்டைப் பல மாநிலங்களில் கிளை உள்ள மருந்துக் கடைக்கு முன்பே மாற்றிவிட்டால் வழியில் எங்கும் வாங்கலாம்.

குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டு அசலை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கில்தான் அதைக் கேட்பார்கள். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே திரும்பும்போது யு.எஸ். 281-இல் ஃபால்ஃபூரியஸ் அருகிலும், யு.எஸ். 77-இல் சரிட்டா அருகிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. அரிசோனாவிலும் எல்லையையொட்டிய சாலைகளில் உண்டு. உடன் வரும் உறவினர் விசிட்டர் விசாவில் இருந்தால் பாஸ்போர்ட்டும் ஐ-94 என்கிற வருகைப் பதிவின் அச்சுப் பிரதியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

யூமாவிலிருந்து பலர் பல் வைத்தியத்துக்காக எல்லை தாண்டி லோஸ் அல்கோடோனஸ் போய்வருகிறார்கள். வண்டியை அமெரிக்கப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் வழக்கம். போவது சுலபம், திரும்பும் வரிசைதான் ஜனவரி மதியங்களில் நீளும். வார நடுவில் காலையில் முதல் ஆளாகப் போய், மதியத்துக்கு முன் திரும்புங்கள். குடியுரிமை உள்ளவர் பாஸ்போர்ட்டும், கிரீன் கார்டுக்காரர் கார்டோடு இந்திய பாஸ்போர்ட்டும் கொண்டுபோக வேண்டும். விசிட்டர் விசாவில் வந்த உறவினரை யூமாவிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மெக்சிகோவுக்குள் நுழைய அவருக்குத் தனி விதி, ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா என்றால் திரும்பி வருவதிலும் சிக்கல்.